சதுரகிரி இறக்கம்

சென்ற ஆண்டு என் தந்தையார் வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளி அவர். ஊரார் காயங்களுக்கெல்லாம் நெய்த துணி கடைசியில் அவர் காலுக்கே வந்து சேர்ந்தது! ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது, தொடைதான் வற்றிப் போயிருந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் நாடாவால் அளந்துவிட்டு, இடது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு என்றார்.

விலங்கியல் மாணவன் என்ற பெயருக்காவது நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. தொடையின் முன்புறத்தை நிறைத்திருப்பது குவாட்ரிசெப்ஸ் என்னும் நாற்றலைத் தசை. நான்கு தலைகளில் ஒன்று இடுப்பெலும்பில் தொடங்குகிறது. மற்ற மூன்றும் தொடையெலும்பிலேயே பிறக்கின்றன. நான்கும் ஒரே நாணாகிச் சில்லைப் பற்றி, கீழே கணைக்கால் எலும்பின் மேட்டில் முடிகின்றன. முழங்காலை நீட்டுவது இத்தசைதான். சில்லு, நாணை மூட்டிலிருந்து சற்று முன்தள்ளி நிறுத்துவதால் அந்த வேலை எளிதாகிறது. இவற்றின்மேல் குறுக்காக ஓடும் மெல்லிய பட்டை சார்ட்டோரியஸ். உடலிலேயே நீளமான தசை. சம்மணமிட உதவுவதால் இலத்தீனில் தையற்காரர் பெயரை அதற்கு வைத்தார்களாம். நம்மூர்த் தையற்காரர்கள் என்றோ மிஷினுக்கு மாறிவிட்டார்கள்!

படித்தும் ஒன்று விளங்கவில்லை. "படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் வையுங்கள்" என்று அவர் அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். இறங்கும்போது நல்ல காலல்லவா முன்னே போய்த் தாங்க வேண்டும்? மாற்றிச் சொல்லிவிட்டார் என்றே எண்ணினேன்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவின் நேர்த்திக்கடனைத் தீர்க்க நான் சதுரகிரி போனேன். தாணிப்பாறையிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர கால் சோரவில்லை. கைப்பந்து ஆடும் கால் என்ற மமதை வேறு. இறங்கும்போதுதான் வந்தது வினை. பாதி வழியில் இரு தொடைகளும் வெடவெடவென்று நடுங்கின. ஒரு பாறையில் உட்கார்ந்து, தொடைமேல் கைவைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நினைத்துப் பார்த்தேன். கீழே வைக்கும் கால் சும்மா தொங்குகிறது. மேற்படியில் நிற்கும் கால்தான் மடங்கி மடங்கி உடல்பாரத்தை மெல்ல இறக்குகிறது. அப்போது அதன் முன்தொடைத் தசை இறுகியபடியே நீள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்பது ஒரு வேலை. உருளும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பது இன்னொரு வேலை. இறக்கத்தில் தொடை செய்வது இரண்டாவது வேலை. அப்பாவின் வற்றிய தொடையால் அது ஆகாது. ஆகவே நல்ல கால் மேலே நின்றாக வேண்டும். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பழக்கமில்லாமல் நீண்டபடி உழைத்த தசையில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுமாம். வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். இரண்டு நாள் கல்லூரி மாடிப்படியில் நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கியதைப் பார்த்துச் சிரித்த நண்பர்களுக்கு இதுவே என் விளக்கம்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இப்பத் தெரியுதா?" என்றார். இரவு கட்டிலில் படுத்து, முழங்காலை மடக்காமல் வலக்காலைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்துகிறார். எண்ணுவது நான். ஏழில் கால் நடுங்கத் தொடங்கும். முன்பெல்லாம் அவசரமாக எண்ணி முடிப்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. நாடாவில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கியிருக்கிறது.