முன்னும் பின்னும்

ஒரு வாதத்தின் எடுகூற்றுக்களுள் எழுதப்படாது நிற்பது எது என வினவுவது, அளவையியல் பயிலும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்பழக்கத்துக்கு நல்லுணவாயிற்று, பொறியியற்பீட நண்பர் ஒருவர் இட்ட புதிர்.

கணினியொன்றில் இரு முறைவழியாக்கிகள், அவற்றுக்குப் பொதுவான நினைவகத்தில் அ, ஆ என இரு இடங்கள், இரண்டிலும் பூச்சியம். முதலாவது, அ என்பதில் 1 என எழுதிப் பின் ஆ என்பதை வாசிக்கும். இரண்டாவது, ஆ என்பதில் 1 என எழுதிப் பின் அ என்பதை வாசிக்கும். இரண்டுமே பூச்சியத்தை வாசித்தல் கூடுமா? கூடாது என்றே தோன்றும். நான்கு செயல்களையும் எவ்வாறு வரிசைப்படுத்தினும் முதலில் நிகழ்வது ஓர் எழுதுதலே. அவ்விடத்தை மற்றையது வாசிப்பது அதற்குப் பின்னரே. ஆகவே அது 1 என்பதையே காணும்.

ஆயின், நாம் அன்றாடம் பயன்படுத்தும் இன்டெல் முறைவழியாக்கிகளில் இரண்டும் பூச்சியத்தை வாசித்தல் கூடும். எழுதியது நினைவகத்தைச் சென்றடைய நேரமாகும். ஆதலால் ஒவ்வொன்றும் எழுதவேண்டியதைத் தன்னகத்துள்ள சிறு வரிசையொன்றில் இட்டுவிட்டு, அடுத்த வாசிப்புக்குச் சென்றுவிடுகிறது. தான் எழுதியதைத் தான் அறியும். மற்றையது இன்னும் அறியாது. வாதத்தின் நடையிலே குறையில்லை. நான்கு செயல்களுக்கும் யாவர்க்கும் பொதுவான ஒரே வரிசை உண்டு என்பதே எழுதப்படாத எடுகூற்று. லெஸ்லி லாம்போர்ட் 1979இல் இரு பக்கக் கட்டுரையொன்றில் அதனையே ஒரு நிபந்தனையாக எழுதிவைத்தார். தடித்த மெய்யியல் நூல்கள் சிலவற்றினும் அவ்விரு பக்கங்கள் எனக்கு உவப்பானவை.

இது வெறும் விளையாட்டன்று. ஒரு பொருளை ஒரு வேளையில் ஒருவரே கையாளுதற்கு டெக்கர் வகுத்த வழி, முதலில் தன் கொடியை உயர்த்திப் பின் மற்றவர் கொடியை நோக்குதலையே அடிப்படையாகக் கொண்டது. மற்றவர் கொடி தாழ்ந்துள்ளது என இருவருமே கண்டால் இருவரும் உள்ளே புகுவர். ஒரே கணக்கில் இருவர் ஒருங்கே எழுத, ஒருவர் வைப்பிலிட்ட பணம் பதிவின்றிப் போதலும் நேரும்.

பரிகாரமாவது நினைவகத் தடுப்பு என்னும் கட்டளை. எழுதுதலுக்கும் வாசித்தலுக்கும் இடையே அதனை இட்டால், முன் எழுதியவை மற்றையதற்குப் புலனாகும்வரை பின்வரும் வாசிப்பு நடவாது. இருபுறமும் இடல்வேண்டும், ஒருபுறம் மாத்திரம் இட்டாற் பயனில்லை. கைத்தொலைபேசிகளிற் பெரிதும் காணப்படும் ஏ.ஆர்.எம். வகையிலோ வாசிப்புக்களும் தம்முள் இடம்மாறக் கூடுமாதலின், தடுப்பின் தேவை இன்னும் மிகும்.

எங்கும் தடுப்பிட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். ஒவ்வொன்றும் காலத்தை விழுங்கும் என்றார் நண்பர். இட மறந்த செய்நிரலோ பல்லாயிரம் முறை செவ்வனே ஓடி, ஒரு முறை பிழைக்குமாம். அந்த ஒரு முறையும் சோதனைக்கூடத்தில் வாய்ப்பது அரிதாம்.