பட்டணத்தில் இரண்டு இரவு



கோலாலம்பூருக்குப் போகவேண்டிய வேலை தோட்டத்து மக்களாகிய நமக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். பத்துமலையில் நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டும். வயதானவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். முன்பெல்லாம் உறவுக்காரர் வீட்டில் இறங்குவோம். இன்று அவர்களே அடுக்குமாடி வீட்டில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் முகம் சுளிக்காவிட்டாலும் நம் மனம் கேட்பதில்லை. ஆகவே ஹோட்டலில் அறை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

"எந்த ஹோட்டல் சார் மலிவு?" என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு காலத்தில் நானும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். அதனால் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டில் என் தந்தையாருக்கு நெஞ்சுவலி வந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இதய ரத்தக் குழாய்ப் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். நானும் அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறினோம். பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் நான் புடுராயா பக்கம் தங்கிய பழக்கம் இருந்ததால், அங்கேயே போய் 55 வெள்ளிக்கு ஓர் அறை பேசினேன். மலிவாகக் கிடைத்ததே என்று எனக்கு ஒரே பெருமை.

அறை மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. இரண்டு காண்டா வாளிப் பாலைத் தோளில் சுமந்து முப்பத்தைந்து வருடம் மேடு பள்ளம் ஏறி இறங்கிய மனிதர், அந்தப் படிகளில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அறையில் ஜன்னல் இல்லை. குளியலறை நடையின் கோடியில், வழுக்கும் தரையோடு இருந்தது. கீழே பாட்டுக்கூத்து விடியற்காலை மூன்று மணிவரை நடந்தது. "பரவாயில்ல தம்பி, ரெண்டு ராத்திரிதானே" என்றார் அப்பா. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்ததை நான் பார்த்தேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தக் கொதிப்பு மிகவும் ஏறியிருந்தது. "ராத்திரி தூங்கினாரா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. அன்று பரிசோதனை நடக்கவில்லை. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ரயில் கட்டணம், வாடகைக்கார், எனக்கு விடுப்பு எல்லாம் வீண். அந்த ஆறு வாரமும் அப்பாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று வீட்டில் நாங்கள் பட்ட பாட்டுக்கு விலையே கிடையாது. இருபது, முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போனதற்கு அதுதான் பலன்.

அன்றிலிருந்து நான் மலிவை முதலில் பார்ப்பதில்லை. "எந்த வேலைக்குப் போகிறோம்? நம்மில் பலவீனமானவர் யார்?" இந்த இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்கிறேன். கூட்டிப்போவது வயதானவரா, கைக்குழந்தையா, கர்ப்பிணிப் பெண்ணா என்று பார்த்து, அவருக்குச் சௌகரியமான அறையை எடுத்தால் மற்றவர்களுக்கும் அது சௌகரியமாகவே இருக்கும்.

அடுத்தது இடம். பட்டணம் மாறிவிட்டது, நம் நினைவுதான் மாறவில்லை. 1976-இல் திறந்த புடுராயாவில்தான் ஒரு காலத்தில் வெளியூர்ப் பேருந்துகளெல்லாம் வந்து நின்றன. 2011-இல் பண்டார் தாசேக் செலாத்தானில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு, பெரும்பாலான வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. ஆகவே 'புடுராயா பக்கம் தங்கு' என்ற பழைய யோசனையை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை எங்கேயோ, அதன் பக்கத்தில் தங்குங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஜாலான் பகாங்கில் இருக்கிறது. இதய ஆஸ்பத்திரியான ஐ.ஜே.என். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. இவற்றுக்குப் போகிறவர்கள் சௌக்கிட், தித்திவங்சா பக்கம் அறை பார்க்கலாம். 2023 மார்ச் முதல் எம்.ஆர்.டி. ரயிலில் 'ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர்' என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. துணி எடுக்கப் போகிறவர்களுக்கு மஸ்ஜிட் இந்தியா வட்டாரம் வசதி. மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையம் பக்கத்திலேயே உண்டு. பத்துமலைக்குப் போகிறவர்களும் ரயிலில் வருகிறவர்களும் பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் நல்லது. கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். காலையில் இட்லி தோசை பசியாற நம் கடைகள் இருக்கின்றன. பத்துமலை அடிவாரத்துக்கே கொமுட்டர் ரயில் போகிறது. அங்கே 272 படி ஏற வேண்டும் என்பதை மறவாதீர்கள். தங்கும் இடத்திலும் படியேறிக் காலை நோகவைத்துக்கொள்ள வேண்டாம். தைப்பூச சமயத்திலும் பள்ளி விடுமுறையிலும் அறை கிடைப்பது அரிது. பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது வாடகைக் கணக்கு. இன்று பிள்ளைகள் கைபேசியிலேயே அறையின் படத்தைக் காட்டிவிடுகிறார்கள். படத்தில் சத்தமும் தெரியாது, வாடையும் தெரியாது. அந்த ஹோட்டலுக்கே போன் செய்து கேளுங்கள். "லிஃப்ட் உண்டா? ஜன்னல் உண்டா? குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? சுடுதண்ணீர் வருமா? நான்கு பேர் தங்கலாமா? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் சேவை வரியும் தனி என்று அர்த்தம். சேவை வரி 2024 மார்ச் முதல் நூற்றுக்கு 8. சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10 என்றால், 100 வெள்ளி அறை ஏறக்குறைய 118 வெள்ளி ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் முதல் சுற்றுலா வரி என்று அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி வாங்குகிறார்கள். அது வெளிநாட்டவருக்கு உரியது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. நம் தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டி, தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டையின் நிறத்தைப் பார்த்து யாராவது அந்த வரியைக் கேட்டால், "இவர் நிரந்தரவாசி" என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். சில இடங்களில் முன்பணமும் வாங்குவார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, கிளம்பும்போது பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. இதில்தான் நாம் பெரும்பாலும் தவறிவிடுகிறோம். "பணம் கட்டுவதற்கு முன்னால் அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்க நமக்கு வெட்கம். கண்ணாடிக் கதவையும் கழுத்துப்பட்டை கட்டிய ஆளையும் கண்டதும், பெரிய துரை ஆபீசில் நிற்பதுபோல் நின்றுவிடுகிறோம். பாசாரில் ஒரு கட்டுக் கீரையைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், நூறு வெள்ளி அறையைப் பார்க்காமலே எடுக்கலாமா? தாராளமாகக் கேளுங்கள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். தீப்பிடித்தால் இறங்கும் படி எங்கே என்று பார்த்து, பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பிடிக்கவில்லையென்றால், "வேறு அறை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அது தவறே அல்ல.

ஆறு வாரம் கழித்து நாங்கள் மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள ஹோட்டலில், ஜன்னல் வைத்த அறை. வாடகை எல்லாம் சேர்த்து 110 வெள்ளி. காலையில் வாடகைக்காருக்கு அலையவில்லை. மெதுவாக நடந்தே போனோம். முதல் நாள் இரவு அப்பா எட்டரை மணிக்கே படுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்க்கிறேன், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரயில் போவதை வேடிக்கை பார்க்கிறார். அம்மா பக்கத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறார். அன்று பரிசோதனை நல்லபடியாக முடிந்தது.

"ரூமுக்கு எவ்வளவு தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"அறுபது வெள்ளிதாம்பா" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் வகுப்பில் பாடம் நடத்துகிறவன்தான் நான். உண்மை விலையைச் சொல்லியிருந்தால் அடுத்த இரவு அவர் தூங்கியிருக்க மாட்டார்.

ஆகவே வாசகர்களே, சிக்கனமாக இருங்கள். அது நம் பெற்றோர் நமக்குக் கற்றுக் கொடுத்த நல்ல குணம். அந்தச் சிக்கனத்தை உங்கள் சாப்பாட்டிலும் துணிமணியிலும் காட்டுங்கள். உங்களை நம்பிக் கூட வருகிற பெரியவரின் தூக்கத்தில் காட்டாதீர்கள்.