ஐந்து லட்சம் பூட்டுக்கு ஒரு சாவி

வாசலில் மாட்டுகிற சிசிடிவி கேமராவைப் பிரித்துப் பார்த்தால், பச்சைப் பலகையில் ஓர் எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், ஃப்ளாஷ் மெமரி சிப். பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட்தான். இன்றைய செல்போன் போட்டோ நாலைந்து வைத்தால் நிரம்பிவிடும். கேமராவின் மொத்தப் புத்தியும் அதற்குள்தான்: ஒரு குட்டி லினக்ஸ், படத்தைச் சுருக்கும் நிரல், நெட்டில் பேசும் நிரல், யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் பாஸ்வேர்டு. இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். 1967-ல் ஆஷர் ஆப்லர் என்பவர் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் வைத்த பெயர். ஹார்டும் இல்லை, ஸாஃப்ட்டும் இல்லை. நடுவே ஒரு இட்லி மாவு பதம்.

சிப் பிறக்கும்போது வெறும் சிலேட்டு. எழுதுவது தொழிற்சாலையில். பலகையில் பற்றவைக்கும் முன்பே பல சிப்புகளை ஒரு மெஷினில் வரிசையாக உட்காரவைத்து ஒரே மூச்சில் எழுதிவிடலாம். அல்லது எல்லாம் பற்றவைத்த பின், ஸ்பிரிங் ஊசிகள் நிறைந்த தட்டின் மேல் பலகையை வைத்து அழுத்தி (பீஷ்மரின் அம்புப் படுக்கை மாதிரி) அந்த ஊசிகள் வழியாக எழுதிச் சோதிக்கலாம். எப்படி எழுதினாலும் மூலம் ஒரே மாஸ்டர் காப்பி. சீரியல் நம்பர், நெட்வொர்க் முகவரி போன்ற ஒன்றிரண்டு சங்கதிகள் மட்டும்தான் ஒவ்வொன்றுக்கும் தனி. மற்றபடி முதல் கேமராவும் லட்சமாவது கேமராவும் அச்சு அசல் இரட்டையர்.

சரி, பாஸ்வேர்டையும் தனித்தனியாக எழுதினால் என்ன? எழுதலாம். ஆனால் அதை ஸ்டிக்கரில் அச்சடிக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் அதே கேமராவின் முதுகில்தான் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பாக ஒட்டினால் கஸ்டமர் உள்ளே போக முடியாமல் போன் போட்டுத் திட்டுவார். ஒரு கேமராவுக்குச் சில விநாடி, கொஞ்சம் காசு. லட்சக்கணக்கில் தயாரிக்கும் இடத்தில், 'சில விநாடிதானே' என்று சொல்லிப் பாருங்கள். "எதுக்கு சார், கஸ்டமர் வாங்கினதும் மாத்திக்குவார்" என்பார்கள்.

கஸ்டமர் மாற்றவில்லை. நாம் யார்தான் மாற்றினோம்?

சீனாவில் ஹாங்ஜோ நகரத்து ஷியாங்மாய் கம்பெனி, கேமராவுக்கும் வீடியோ ரெக்கார்டருக்கும் உள்ளே வைக்கும் பலகையையும் ஃபர்ம்வேரையும் செய்து மற்ற கம்பெனிகளுக்கு விற்றது. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு உலகமெங்கும் விற்றார்கள். பெட்டியில் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே பூச்சி. அதில் 'எக்ஸ்ஸி3511' என்று ஒரு பாஸ்வேர்டு. நெட்டில் தேடிப் பார்த்தபோது இப்படித் திறந்து கிடந்த சாதனங்கள் 5 லட்சத்துக்கு மேல். இதில் கொடுமை, பொறுப்பான ஆசாமி கேமராவின் இணையப் பக்கத்தில் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. டெல்நெட் என்கிற பழைய கொல்லைப்புறக் கதவின் பாஸ்வேர்டு ஃபர்ம்வேரோடு எழுதப்பட்டது. அதை அவரால் தொடவே முடியாது.

2016-ல் பராஸ் ஜா, ஜோசையா ஒயிட், டால்டன் நார்மன் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள் 'மிராய்' என்று ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று அர்த்தம். மேதாவித்தனம் ஒன்றும் இல்லை. அறுபத்துச் சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் பட்டியல், அவ்வளவுதான். 'அட்மின்', '123456', நம்முடைய 'எக்ஸ்ஸி3511'. நெட்டில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். உச்சத்தில் சுமார் 6 லட்சம் சாதனங்கள் அதன் கைவசம். ஆரம்ப நோக்கம் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களைப் படுக்கவைத்துக் காசு பார்ப்பது!

மாட்டிக்கொள்வோமோ என்ற பயமோ என்னவோ, செப்டம்பர் கடைசியில் புரோகிராமைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, நெட்டின் டெலிபோன் டைரக்டரி போன்ற சேவையை நடத்திய டைன் கம்பெனியை லட்சக்கணக்கான கேள்விகள் ஒரே சமயத்தில் மொய்த்தன. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் வரவில்லை. திருடனைப் பிடிக்க மாட்டிய கேமராக்கள் செய்த வேலை.

ஷியாங்மாய் அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கஸ்டமர்கள் பாஸ்வேர்டை மாற்றவில்லை என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டது. மூவரும் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எஃப்.பி.ஐ.க்கு உதவி செய்து, ஜெயிலுக்குப் போகாமல் தப்பினார்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியில், பிரிட்டனில் 2024 ஏப்ரலில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற வழக்கத்துக்குத் தடை. இந்தியாவிலும் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அந்தச் சில விநாடிகளை இப்போது சர்க்கார் போட்டு வாங்குகிறது.

இதெல்லாம் புதுசுக்கு. மிராய், கேமராவின் தற்காலிக மெமரியில் மட்டும் தங்குவது. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் சிப்பில் சாவி அப்படியே இருக்கிறதே, சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். அந்தக் காலத்தில் மாட்டிய பழைய கேமராக்களை யாராவது ஏணி போட்டு ஏறிக் கழற்றினால்தான் உண்டு.