எங்கள் வீட்டு ஆம்னி

மாமல்லபுரத்தின் ஐந்து தேர்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் கடற்கரைப் பாறையைச் செதுக்கிச் சமைத்த அத்தேர்களுள் பீமன் தேர் என்பது நீண்ட கூண்டு வண்டியின் முகட்டைப் போன்ற கூரையை உடையது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அதன் உட்புறத்தைக் குடையும் பணி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. “வெளியே இவ்வளவு பெரிசு, உள்ளே இடம் இல்லையே!” என்று எங்கள் அத்தா அதனைக் காணும்போதெல்லாம் குறைபட்டுக்கொள்வார். துணி வணிகருக்குத் தேரைப் பார்த்தாலும் எத்தனை மூட்டை ஏறும் என்றுதானே தோன்றும்!

அதற்கு நேர்மாறான தேர் ஒன்று செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் பதினேழு ஆண்டுகள் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ரொட்டிப் பெட்டி. உள்ளே புகுந்தால் கூடம். மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்ட 1984ஆம் ஆண்டிலேயே மாருதி வேனும் சந்தைக்கு வந்தது. ‘ஆம்னி’ என்னும் பெயர் பின்னர் இடப்பட்டது. கார்கள் எங்கள் பகுதிக்குப் புதியன அல்ல. வண்டலூரில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின. மறைமலை நகரில் 1999 முதல் ஃபோர்டு கார்கள் உருவாகி, 2022இல் அவ்வுற்பத்தியும் நின்றது. எங்களுக்கு வாய்த்ததோ தொலைதூரத்துக் குர்கானில் பிறந்து, மூன்றாண்டுகள் வேறொருவரிடம் உழைத்து, 1996இல் எங்களை வந்தடைந்த வெள்ளை நிற ஆம்னி.

அதன் இடவசதிக்குக் காரணம் எளியது. அம்பாசிடர் கார் நான்கே கால் மீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதில் முன்பகுதியை என்ஜினும் பின்பகுதியை டிக்கியும் எடுத்துக்கொள்ள, நடுவில் எஞ்சியதே மனிதர்க்கு. ஆம்னி மூன்றரை மீட்டர்கூட இல்லை. ஆனால் அதற்கு முன்மூக்கு கிடையாது. 796 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் என்ஜின் முன் இருக்கைகளின் அடியில் அடங்கிவிடும். பின்னே தனி டிக்கி இல்லை. ஆகவே சக்கரத்தின் மேலுள்ள பெட்டி முழுவதும் உள்ளிடமே. பக்கக் கதவுகள் வெளியே திறவாமல் பின்னோக்கி நகர்வன. எனவே சந்து எத்துணைக் குறுகலாயினும் சரக்கை இறக்கலாம். பின்கதவு மேல்நோக்கி உயரும். கடற்கரை வெயிலில் அக்கதவின் நிழலே அத்தாவுக்குக் கடை.

அத்தாவின் தொழில் தவணை முறையில் துணி விற்றல். குடியாத்தம் கைலி, சென்னிமலைப் போர்வை, சின்னாளப்பட்டிச் சேலை ஆகியவற்றைச் சென்னையில் மொத்த வணிகரிடம் கடனுக்கு எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் கடந்து, மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள மீனவர் குப்பங்களில் கொடுப்பார். வாரந்தோறும் பத்தும் இருபதுமாகப் பணம் வரும். வண்டி வருமுன் இவை யாவும் ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் தொங்கின. வண்டி வந்த முதல் வாரத்தில் மெக்கானிக்கைக் கொண்டு நடு இருக்கையைக் கழற்றித் திண்ணையில் போட்டார் அத்தா. பதினேழு ஆண்டுகளும் அது திண்ணையிலேயே கிடந்தது. விருந்தினர்க்கு அதுவே சோபா.

மூட்டை அடுக்குவதில் அத்தாவுக்கென்று ஓர் இலக்கணம் இருந்தது. கனமானவை அடியிலும் முன்னாலும் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் மிகுந்தால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் சொற்கேளாது. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். எல்லாம் ஏறிய பின்பும் ஓர் ஆள் அமரும் இடம் ஒழிந்திருக்க வேண்டும். முன்னிரண்டும் எங்களுக்கு விளங்கின. மூன்றாவதற்கு அத்தா காரணம் சொன்னதில்லை. ஆனால் சாலையில் கைகாட்டும் எவரையும் அவர் தாண்டிச் சென்றதில்லை. மீன்கூடையோடு நிற்கும் மூதாட்டி, “பாய், எடம் இருக்குமா?” என்பார். “இருக்கு, ஏறுங்க” என்பது அத்தாவின் மாறாத விடை. மீன்வாடை போர்வைகளில் ஏறிவிடும் என்று அண்ணன் முணுமுணுப்பார். ஏறத்தான் செய்தது.

ஒருமுறை சிற்பி ஒருவர் தாம் செதுக்கிய கல்யானையைச் செங்கல்பட்டு வரை கொண்டுவர உதவி கேட்டார். இரண்டடி உயரமே இருந்த அந்த யானையைத் தூக்க நால்வர் வேண்டியிருந்தது. அத்தா அதனைப் புதிய சென்னிமலைப் போர்வையில் சுற்றி, தும்பிக்கை ஒடிந்துவிடாதபடி கைலிக் கட்டுகளை முட்டுக்கொடுத்து, கொளவாய் ஏரி ஓரமாக மாட்டுவண்டியின் வேகத்தில் ஓட்டிவந்தார். அந்தப் போர்வையைப் பின்னர் எவரும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் நெடுங்காலம் அதன் பெயர் யானைப் போர்வை. கோவளம் தர்காவுக்குக் குடும்பத்தோடு சென்ற நாள்களில் வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தோம் என்பதனைப் போக்குவரத்து விதிகளை மதிக்கும் மாணவர்கள் படிக்கும் இம்மலரில் எழுதாதிருப்பதே நன்று.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஜனவரியில் பொங்கலும் அதனை அடுத்துப் பக்ரீதும் வரவிருந்ததால் அவ்வாண்டின் பெருஞ்சரக்கு வண்டியில் இருந்தது. அத்தாவும் அண்ணனும் முன்னே அமர, தம்பியர் இருவராகிய நாங்கள் மூட்டைகளின் மேல் சாய்ந்தபடி சென்றோம். அன்று காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பே சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியிருந்தது. ஒன்பது மணியை ஒட்டி அலைகள் நம் கரையை எட்டின. இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் அதனைக் கரையிலிருந்தோர்க்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது 2007இல்தான்.

திருக்கழுக்குன்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஈர உடையோடு ஒருவர் சைக்கிளில் வந்து, “கடலு ஊருக்குள்ள வந்துருச்சு” என்றார். அவர் குடித்திருப்பதாகக் கடைக்காரர் நினைத்தார். பின்னாலேயே ஒரு டிராக்டர் நிறைய மக்கள் வந்தனர். அத்தா எதுவும் பேசவில்லை. பக்கக் கதவைத் தள்ளி, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தேநீர்க் கடைத் திண்ணையில் இறக்கத் தொடங்கினார். அண்ணன் அவர் கையைப் பற்றி, “அத்தா, அத்தனையும் கடன் சரக்கு” என்றார். “வண்டி காலியாகணும்” என்றார் அத்தா.

பதிவுச் சான்றின்படி அவ்வண்டி எட்டுப் பேருக்குரியது. முதல் நடையில் பதினான்கு பேரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். தளம் மட்டமாக இருந்ததால் காலொடிந்த இருவரைப் படுக்கவைக்க முடிந்தது. ஒரு பெண்மணி அலுமினியக் குண்டான் ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். அதனை வாங்கி வைத்தால் இன்னும் ஒருவர் அமரலாம் என்று நாங்கள் கைநீட்டியபோது அத்தா கண்ணால் தடுத்தார். வண்டிக்குள் யாரும் அழவில்லை. மணல் மட்டும் எல்லார் தலையிலிருந்தும் உதிர்ந்துகொண்டேயிருந்தது. இரண்டாம் நடையும் அவ்வாறே. மூன்றாம் நடையில் நாங்கள் ஏற்றியவர்களுக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. அவர்களுள் இருவர் அத்தாவின் கணக்கு நோட்டில் பெயருள்ளவர்கள்.

மறுநாள் ஜமாஅத்தார் பள்ளிவாசல் தேக்சாக்களை எடுத்துத் தந்தனர். சோறு நிறைந்த இரண்டு தேக்சாக்கள் வண்டியினுள் ஒன்றின்பின் ஒன்றாகப் பொருந்தின; அளவெடுத்துச் செய்தாற்போல. அதன் மறுநாள் அத்தா தேநீர்க் கடைத் திண்ணைக்குச் சென்றார். போர்வைகளும் கைலிகளும் சேலைகளும் அன்று மாலைக்குள் தீர்ந்தன. நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

அண்ணன் அத்தாவுடன் ஒரு மாதம் பேசவில்லை. அவர் மீது குறை காண்பது எளிது. நாங்களும் அப்போது கண்டோம். ஆனால் மொத்த வணிகருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அண்ணனுடையது. அவர் திருமணம் இரண்டாண்டு தள்ளிப்போனது. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்று திரும்பவில்லை. கடன் தீர மூன்றாண்டு ஆயிற்று. “தானம் செய்வதானால் தம் பொருளில் செய்ய வேண்டும்” என்று அண்ணன் சொன்னதற்கு அத்தா மறுமொழி கூறவில்லை. பழைய பாக்கி நாற்பத்தோராயிரம் ரூபாய் எழுதப்பட்டிருந்த நோட்டை முன்பக்கத் தட்டில் செருகி வைத்தார். குப்பங்களுக்கு முன்போலவே சென்றுவந்தார், பாக்கியைக் கேட்கவில்லை.

2009இல் செங்கல்பட்டு மருத்துவமனையிலேயே அத்தா காலமானார். ஆம்புலன்சு வர நேரமாகும் என்றனர். அண்ணன் வெளியே சென்று ஆம்னியைக் கொண்டுவந்து, பின்கதவை உயர்த்தினார். அத்தா நெடிய உருவினர். கிடத்திய பின் கால்மாட்டுக்கும் கதவுக்கும் இடையே நான்கு விரற்கடை மிஞ்சியது. அண்ணன் அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கதவை மெல்ல அழுத்தி மூடினார். ஏற்றிய சரக்குக்கு அலுங்கல் கூடாது என்ற பழக்கத்தில், வீடு வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் கடற்கரையிலிருந்து முப்பது பேருக்குமேல் வந்தனர். விடைபெறும்போது அவர்களுள் சிலர் கைக்குட்டையில் முடிந்த பணத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினர். பழைய பாக்கி! வாங்கக் கூடாது என்று நாங்கள் இருவரும் எழுந்தோம். அண்ணன் எங்களை அமரச் சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவரச் செய்தார். ஒவ்வொரு பெயரையும் தேடி, தொகையை எழுதி, தேதியிட்டு, அவர்கள் கண்முன்னே அடித்தார். “கடனைத் தீர்க்க வந்தவனைத் திருப்பி அனுப்பினால், அவன் அன்றைக்கு வாங்கிய போர்வை பிச்சையாகிவிடும்” என்றார் பின்னர். போர்வைக்கு நோட்டில் கணக்கே இல்லையே என்றோம். “அவர்களுக்கு இருக்கிறது” என்றார். இதில் எங்களுக்குள் இன்றளவும் உடன்பாடில்லை. அத்தா இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்பது எங்கள் துணிபு. அண்ணனும் அதனை மறுக்கவில்லை.

2008இல் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்த பதிவு 2013இல் முடிந்தபோது வண்டியை விற்றோம். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு இடங்கொடுக்க முடியாத அமைப்பு என்பதால் 2019இல் ஆம்னியின் உற்பத்தியே நின்றுவிட்டது. முன்மூக்கில்லாத வண்டி மோதினால் ஓட்டுநரின் முழங்காலே முதலில் தாங்கும். ஆகவே அது நின்றதும் முறையே. எங்களிடம் இப்போதுள்ள கார் பெரியது, குளிரூட்டியது. நால்வர் ஏறி இரு பெட்டிகள் வைத்தால் நிறைந்துவிடுகிறது.

வாங்க வந்தவர் பூஞ்செடி விற்கும் இளைஞர். என்ஜினைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. பக்கக் கதவைத் தள்ளி உள்ளே ஏறி, மண்டியிட்டு, இரு கைகளையும் விரித்துத் தளத்தை அளந்தார். பின்பக்கம் வரை நகர்ந்து மீண்டும் அளந்தார். தொட்டிகளை எப்படி அடுக்குவது என்று அவர் உதடுகள் கணக்கிட்டன. அண்ணன் வாசலில் நின்று, கனத்தைப் பின்னால் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இளைஞர் தலையை வெளியே நீட்டினார்.

“வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே இல்லையே அண்ணே, இவ்வளவு இடமா?”