ஒரு கடிகை

"ரோப் கார் வேணாண்டா. படியிலயே போலாம்."

அம்மா இதைச் சொன்னபோது நாங்கள் சோளிங்கர் பெரிய மலை அடிவாரத்தில் நின்றிருந்தோம். தை மாதத்து ஞாயிறு, காலை ஆறரை மணி. மேலே யோக நரசிம்மர், நடுவில் 1305 படி. அம்மாவுக்கு 58 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். 2024 மார்ச்சில் ரோப் கார் வந்ததிலிருந்தே "உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சில நிமிடத்தில் மேலே போய், தரிசனம் முடித்து, பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

கணக்கு போடுவதுதான் என் வேலை. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஸ்டடி பார்க்கிறேன். ஸ்டிச்சிங் லைனில் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் பின்னால் நின்று, ஒரு அப்பர் தைக்க எத்தனை செகண்ட் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் மணிக்கு எத்தனை ஜோடி என்று போர்டில் டார்கெட் எழுதுவார்கள். அம்மாவும் இதே மாதிரி வேறொரு கம்பெனியில் 19 வருஷம் அப்பர் தைத்தவள். விடியற்காலை வேனில் போய், இருட்டிய பிறகு வேனில் வருவாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் டிப்ளமா படித்தேன்.

ஏற ஆரம்பித்தோம். அம்மா பத்து படிக்கு ஒருமுறை நின்றாள். குரங்குகளைப் பார்த்தாள். இறங்கி வந்த ஒரு பாட்டியிடம், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். நான் நாலு படி முன்னால் போய்ப் போய்த் திரும்பி நின்றேன். நூறாவது படியில் போனைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். இதே வேகத்தில் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கை தானாக ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது.

அம்மா பார்த்துவிட்டாள்.

"எனுக்கும் டைம் எடுக்கிறியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. படி ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"உன்ன மாதிரி ஒரு பையன் வந்து பின்னாடி நிப்பான். நின்னாலே கை தானா வேகமா ஓடும். பயம்தான். அந்த வேகத்த எழுதிக்கினு போயிடுவான். அப்புறம் தெனிக்கும் அந்த வேகத்துலயே தெச்சாவணும். தண்ணியே குடிக்க மாட்டோம். குடிச்சா பாத்ரூம் போவணுமே."

19 வருஷத்தில் இதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

என் போனின் திரையில் ஒரு வருஷமாக இருப்பது இத்தாலியின் பொசிட்டானோ. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கீழே நீலக் கடல். 'இத்தாலியில் மெதுவாக வாழப் பழகுங்கள்' என்கிற ரீல்களை லைனில் டீ பிரேக்கின்போது பார்ப்பேன். அவர்களுக்கு அது வெறும் ரீல் இல்லை. 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அதிலிருந்து கார்லோ பெட்ரினியின் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் வளர்ந்தது. 1999இல் நான்கு இத்தாலிய ஊர்கள் சேர்ந்து 'சித்தாஸ்லோ', அதாவது மெதுவான ஊர் என்ற அமைப்பைத் தொடங்கின. நான்கில் ஒன்று பொசிட்டானோ. சின்னம், நத்தை.

எங்கள் கம்பெனி ஷூக்கள் போவதும் ஐரோப்பாவுக்குத்தான். அந்தக் கடற்கரையில் ஆற அமர நடக்கிற யாரோ ஒருவரின் காலில், தண்ணீர் குடிக்காமல் ஒருத்தி தைத்த ஷூ இருக்கலாம். இது அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. இந்த மலைக்குப் பழைய பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். இங்கே ஒரு கடிகை நேரம் தங்கினாலே முக்தி என்பது தலபுராணம். சின்ன வயசில் கேட்டபோது, பாஸ்ட் டிராக் சாமி போல என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

டைம் ஸ்டடியில் 'அலவன்ஸ்' என்று ஒன்று உண்டு. தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, முதுகை நிமிர்த்த என்று ஒதுக்கும் நேரம். புத்தகக் கணக்கில் பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4, ஆக 11 சதவீதம். போன வருஷம் டார்கெட் எட்டவில்லை என்று ஒரு லைனுக்கு அதை 6 ஆக்கிய ஷீட் நான் போட்டது. எங்கள் யூனிட்டில் ஷிப்ட் நேரத்திலேயே அதைக் கழிப்போம். 480 நிமிடத்தில் ஐந்து சதவீதம், 24 நிமிடம். ஒவ்வொருத்தியிடமும் நாளுக்கு ஒரு கடிகை எடுத்திருக்கிறேன். மேனேஜரிடம் பாராட்டும் வாங்கினேன்.

"ஏம்மா, முன்னல்லாம் நீ எவ்ளோ நேரத்துல ஏறுவ?"

"ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான லீவு. துணி இருக்கும், மாவு ஆட்டணும். ஓடி ஏறி ஓடி எறங்குவேன். சாமி மூஞ்சி கூட நெனப்புல நிக்காது. இன்னிக்கின்னா அவசரம்?"

அதற்காகத்தான் ரோப் கார் வேண்டாம் என்றிருக்கிறாள். முட்டி வலிக்கிறவர்களுக்கு அது பெரிய வரம்தான். அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு.

போனைப் பையில் போட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு படி விட்டு நடந்தேன். கொஞ்ச நேரம் கால் பரபரத்தது, பிறகு அடங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தரிசனம் முடித்து, கீழே ஊரையும் எதிரே சின்ன மலையையும் பார்த்தபடி உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்றெல்லாம் எழுதினால் அது பொய். திங்கட்கிழமை ஸ்டாப்வாட்சோடு லைனுக்குப் போனேன். வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் ஆபரேட்டருக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் போய், "அக்கா, எப்பவும் போலத் தைங்க" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். செகண்ட் கூடியது. அந்த லைனின் அலவன்ஸை மறுபடி 11 என்று போட்டு மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். "பேசலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பேசவில்லை. நாளைக்கு நானே போய்க் கேட்க வேண்டும்.

சின்ன மலைக்கு எப்போது போகலாம் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே யோக ஆஞ்சநேயர். 406 படிதான்.