ஆச்சியின் பித்தப்பை

நாங்கள் அக்காள் தங்கை இருவர். 2023 நவம்பரில் ஒரு நள்ளிரவு எங்கள் ஆச்சி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. குடித்த கஞ்சியும் வாந்தியாயிற்று. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரலுக்கு அடியிலுள்ள பித்தப்பையின் வாயைக் கல் அடைத்து, உள்ளே சீழ் கோத்திருப்பது தெரிந்தது. ஆச்சிக்கு வயது எழுபத்தெட்டு; இதயமும் பலவீனம், சர்க்கரை வேறு. உடனே அறுவை செய்ய மருத்துவர் அஞ்சினார். அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே விலாப்பக்கமாக மெல்லிய குழாயைப் பித்தப்பைக்குள் செலுத்தினார். மறுமுனையில் ஒரு பை. மூன்றாம் நாள் ஆச்சி ரசஞ்சாதம் கேட்டார்கள். எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

வீட்டில் நாங்களே தாதியர். பையில் சேரும் பித்தநீரை அளந்து நோட்டில் எழுதுவது தங்கையின் வேலை. குழாய் இழுபடாமல் சேலை கட்டிவிடுவது அக்காளின் வேலை. ஆச்சி அந்தப் பைக்கு 'மூணாவது பேத்தி' என்று பெயர் வைத்தார்கள். எப்போதும் இடுப்பை விட்டு இறங்குவதில்லையாம்!

ஆறு வாரங்களுக்குப் பின் குழாயை எடுத்தார்கள். "கல் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி வலித்தால் உடனே வாருங்கள்" என்றார் மருத்துவர். காதில் வாங்கினோம், மனத்தில் வாங்கவில்லை.

2024 ஏப்ரலில் எங்கள் ஆண்டுத் தேர்வு. ஆச்சி காப்பியைத் தொடாமல் வைத்திருந்தார்கள். "வாய்வு" என்றார்கள், நாங்களும் ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் படிக்கப் போனோம். எங்கள் தேர்வு கெடக்கூடாதென்று இரண்டு நாள் வலியை மறைத்திருக்கிறார்கள்! மூன்றாம் நாள் குளிர்காய்ச்சலில் உடல் தூக்கிப்போட்டது.

குழாய் சீழை வடித்ததே தவிர, கல்லை எடுக்கவில்லை. பின்னர் இதைப்பற்றித் தேடிப் படித்தோம். நெதர்லாந்தில் இத்தகைய பலவீனமான நோயாளிகள் 142 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 53 பேருக்குப் பித்தத் தொல்லை திரும்பியது. பித்தப்பையை அகற்றியவர்களில் 5 பேருக்கே. பெர்லினில் கார்ல் லாங்கன்புக் 1882-லேயே, கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்கவேண்டுமென்று அறுத்து அகற்றிக் காட்டியவர்.

இம்முறை காய்ச்சல் தணிந்ததும், இதய மருத்துவரின் சம்மதத்தோடு, சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்தார்கள். வெளியே காத்திருந்த மூன்று மணி நேரமும் அந்த ஓமத்தண்ணீர்தான் எங்கள் கண்முன் நின்றது.

மயக்கம் தெளிந்ததும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி: "கணக்குப் பரிச்சை எப்படி எழுதுனிய, மக்களே?"

அந்த மதிப்பெண்களை நாங்கள் இன்னும் ஆச்சியிடம் சொல்லவில்லை.