ஆறு மூச்சு

என் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் மாதிரி எஞ்சினுக்கு இன்று குரல் வந்துவிட்டது! 1923-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் உருவான நீராவி எஞ்சினை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி இது. அதற்குள், மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்சுற்றான டிஜிட்டல் சவுண்ட் டிகோடரைப் பொருத்தினேன்.

டிகோடரின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் தண்டவாள மின்சாரத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் ஒயர்கள் மோட்டாருக்கு. மோட்டார் முனை எதுவும் தண்டவாளத்தோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கவே கூடாது. இருந்தால் டிகோடர் கருகிவிடும். ஸ்பீக்கரை, எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டருக்குள், காற்றுப் புகாத சிறு பெட்டியில் அடைத்தேன். பெட்டி இல்லாவிட்டால் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் ஒன்றையொன்று அழித்து, சத்தம் மெலிந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த வேலைதான். இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது நான்கு முறை 'சக்' என்று நீராவியைத் தள்ளும். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். ஆகவே ஆறு முறை. அந்த ஆறும் சக்கரத்தோடு ஒத்துப்போகும்வரை டிகோடரின் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒத்துப்போனதும் அப்படியொரு நிறைவு!

டிகோடர் வாங்கப்போகும் நண்பர்களே, விலையைப் பார்க்கும் முன் உங்கள் எஞ்சினுக்கு எத்தனை சிலிண்டர் என்று பாருங்கள். அதற்குரிய ஒலிப்பதிவையே கேட்டு வாங்குங்கள்.